ஒரு இஞ்சு ஆட்டம்

பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால், பஞ்சர் கடைக்காரர்களில் பலர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்ப்ளெண்டர், பல்சர் என்றால் மறுபேச்சு இருக்காது. காஸ்ட் அயர்ன் எஞ்சின் வண்டி என்றதும், “சக்கரத்த மட்டும் கழட்டி எடுத்தாங்க சார், டயரை மாட்டித் தர்றேன்” என்பார்கள். கழற்றுவதும், திரும்ப மாட்டிச் செயினை நேருக்குக் கொண்டுவருவதும்தான் வேலையில் முக்கால்வாசி. அதை நம் தலையில் கட்டிவிட்டு மிச்சத்துக்குக் கூலி கேட்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும். வேலையைக் கற்றுக்கொண்ட பிறகு ஆத்திரம் போய்விட்டது. அவசரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை அது; கடை வாசலில் நாலு பேர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது செய்யவே கூடாது.

என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த 350 சிசி புல்லட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தாய்மாமா ஓட்டியது, அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் எனக்கு வந்தது. தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், அந்தக் கால வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். “கத்துக்கலாம் தம்பி. ஆனா நான் சொல்ற வரைக்கும் ஸ்பேனரைத் தொடக்கூடாது, பாத்துக்கினே இருக்கணும்” என்றார். அவரிடம் வேலை செய்யும் பையனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. அவன் கை மாஸ்டருக்கு அடுத்த கை. என்னை முதலில் சார் என்றான். கிரீஸ் முழங்கை வரை ஏறியதும் அண்ணா என்றான்.

என் வண்டியின் இரண்டு டயரிலும் பட்டன் நன்றாகவே இருந்தது. மாற்றவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். மாஸ்டர் டயரின் பக்கவாட்டில் கட்டை விரலை வைத்து அழுத்திக் காட்டினார். மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. பிறகு கந்தல் துணியால் ஓரத்தைத் துடைத்து நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார். 2211 என்று இருந்தது. முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருஷம்: 2011ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் வார்த்த டயர். அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியில் ரப்பர் தேய்வதற்கு முன்பே செத்துவிடுகிறது. மழை நாளில் பிரேக் பிடித்தால்தான் அது தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை. புதிய டயர் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும். 19 இஞ்சு டயர் எல்லாக் கடையிலும் விற்றுப்போகிற சரக்கு இல்லை என்பதால், பரணில் கிடந்தது கைக்கு வர வாய்ப்பு உண்டு. நான் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் எடுத்துக்கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, உள்ளேயிருந்து வேறு கொண்டுவரச் சொல்லி வாங்கினேன்.

முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25-19. முன்னது நீளவாட்டில் கோடு ஓடும் ரிப் டயர், பின்னது பட்டன். இரண்டும் எம்ஆர்எஃப். மாஸ்டருக்கு இதில் ஒரு பெருமை. “வண்டியும் திருவொத்தியூரு, டயரும் திருவொத்தியூரு. நாம இருக்கிறது நடுவுல” என்பார். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ஆலை எழுந்தது திருவொற்றியூரில். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் பொம்மை பலூன் செய்யக் கொட்டகை போட்டதும் அதே திருவொற்றியூர்தான். அந்தக் கொட்டகைதான் பிறகு மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி ஆனது. என் டயர் எந்த ஆலையில் வார்த்ததோ தெரியாது, மாஸ்டரின் பெருமையில் நான் குறுக்கிடவில்லை.

பின்சக்கரம்தான் முதலில். நடு ஸ்டாண்டைப் போட்டு, ஆக்ஸில் நட்டைக் கழற்றி, ராடை உருவினால் சக்கரத்தை மட்டும் வலது பக்கம் இழுத்து எடுத்துவிடலாம். பின் பல்சக்கரமும் பிரேக் ட்ரமும் செயினோடு வண்டியிலேயே நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மட்கார்டு ஆழமாக இறங்கியிருப்பதால் சக்கரம் நேராக வெளியே வராது. ஒருவர் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே உட்கார்ந்து உருவவேண்டும். சக்கரம் வெளியே வந்ததும் மாஸ்டர் டயரைப் பார்க்கவில்லை. ஹப்புக்கும் ட்ரம்முக்கும் நடுவில் அதிர்ச்சி தாங்க வைத்திருக்கும் ரப்பர் துண்டுகளைத்தான் விரலால் அசைத்துப் பார்த்தார். அவை நசுங்கியிருந்தால் கியர் போடும் ஒவ்வொரு தடவையும் செயின் அடி வாங்கும்; எத்தனை தடவை செயினை டைட் செய்தாலும் அந்தச் சத்தம் போகாது.

பழைய டயரைக் கழற்றுவதில்தான் எனக்குப் பாடம் தொடங்கியது. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி ஓடுகிறது. அது நீளாது, எத்தனை பலம் போட்டாலும் நீளாது. அப்படியானால் ரிம்மைத் தாண்டி எப்படி வெளியே வரும்? ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு பக்கத்து விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அந்த அளவுக்கு இடம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் லிவர் வேலை செய்யும். காற்றை இறக்கி, வால்வின் உள்ளூசியைக் கழற்றி, டயரின் இரு ஓரங்களையும் குதிகாலால் மிதித்துப் பள்ளத்தில் இறக்கவேண்டும். வால்வுக்கு நேரெதிரே முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு, வால்வுக்குப் பக்கத்தில் லிவரைப் போட்டால், கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி இழுத்துக்கொண்டே போகலாம். முழங்கால் நழுவினால் எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிடும். லிவர் கல்லில் மாட்டியதுபோல நின்றுவிடும். பலம் தேவைப்படுகிறது என்றாலே எங்கோ விளிம்பு பள்ளத்தை விட்டு ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ரிம் ஓரங்களில் குரோம் பெயர்ந்து பல் பல்லாகத் தழும்பு உள்ள வண்டிகளைப் பாருங்கள். எல்லாம் எதிர்ப்பக்கத்தைக் கவனிக்காமல் லிவரில் தொங்கியவர்கள் வைத்த அடையாளம்.

டியூபும் டயரும் போன பிறகு வெறும் ரிம். வடசென்னையில் கடற்காற்று ரிம்மின் உள்பக்கத்தைத்தான் முதலில் தின்கிறது. ஸ்போக்ஸ் கம்பியின் நிப்பிள் உட்காரும் இடங்களில் துரு படலம் படலமாக நின்றது. பையன் எமரி தாளைக் கொடுத்து என்னை உட்காரவைத்துவிட்டான். அந்த நேரத்தில் மாஸ்டர் சின்ன ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். இறுகிய கம்பி கணீரென்று சொல்லும். தளர்ந்த கம்பி மந்தமாகச் சொல்லும். நிப்பிளைத் தாண்டி டியூப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பி முனையை அரத்தால் ராவி மட்டமாக்கினார். அதன் மேல் புதிய ரிம் டேப். பழைய டேப்பையே திரும்பப் போடுவதும், டேப்புக்குப் பதிலாகப் பழைய டியூபைக் கிழித்துச் சுற்றுவதும் நடக்கிறது. ரிம் டேப்பின் விலை அற்பம். அதில் மிச்சம் பிடிக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து.

புதிய டயரை எடுத்ததும் அவசரப்பட்டு மாட்டக்கூடாது. பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் சுழலும் திசைக்கு அது பொருந்தவேண்டும். ட்ரம் எந்தப் பக்கம் வரும் என்று சக்கரத்தை வண்டிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் டயரைக் கீழே வைக்கவேண்டும். சில டயர்களில் வண்ணப் பொட்டு ஒன்று இருக்கும். அது டயரின் எடை குறைந்த இடம். வால்வின் எடை அதை ஈடுகட்டும் என்பதால் பொட்டை வால்வுக்கு நேரே வைக்கிறார்கள். டயரின் உட்புறம் முழுக்கப் பவுடர். கடையில் வீட்டில் போடும் சாதாரண முகப்பவுடர் டப்பாதான் இருந்தது. சந்து முழுக்க மல்லிகை மணம்.

ஒரு விளிம்பு சோப்புத் தண்ணீர் தடவியதும் கையாலேயே இறங்கிவிடும். பிறகு டியூபில் கொஞ்சம் காற்று. உருவம் தெரிகிற அளவுக்கு மட்டும். காற்றே இல்லாத டியூப் தொளதொளவென்று லிவருக்கு அடியில் வந்து மாட்டிக்கொள்ளும். புதிய டியூப் மாட்டின அன்றைக்கே பஞ்சர் ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரு புறமும் முழங்காலால் பள்ளத்தில் அமுக்கிக்கொண்டே வந்து, வால்வில் முடிக்கவேண்டும். முடிப்பதற்கு முன் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கவேண்டும். தாராளமாக உள்ளே போய் வந்தால் டியூப் விளிம்புக்கு அடியில் சிக்கவில்லை. கடைசிச் சாண் நீளத்தில் என் கை லிவரைத் தேடியது. மாஸ்டர் லிவரைக் காலால் ஒதுக்கிவிட்டு, “எதிர்ப்பக்கம் மிதி” என்றார். பையன் ஏறி நின்றான். உள்ளங்கையால் அழுத்தியதும் விளிம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

காற்று அடிக்கும்போது ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பார்க்கவேண்டும். சுற்றிலும் ஒரே இடைவெளியில் அது தெரியும்வரை டயர் சரியாக உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகு காற்று முழுவதையும் இறக்கிவிட்டுத் திரும்ப அடித்தார் மாஸ்டர். முதல் தடவை உப்பும்போது டியூபில் விழுந்த மடிப்புகள் அப்போதுதான் நீங்கும். இந்த ஒரு காரியத்தைச் செய்கிற பஞ்சர் கடையை நான் பார்த்ததில்லை. முன்னால் 20, பின்னால் 30 என்பது அவர் கணக்கு. இரண்டுக்கும் ஒரே காற்று அடித்துவிட்டு அனுப்புகிறவர்கள் மேல் அவருக்குத் தீராத கோபம்.

வால்வு நட்டை நான் ரிம்மோடு சேர்த்து இறுக்கப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். அந்த நட் ரிம்மைத் தொடக்கூடாது. மேலே மூடியை ஒட்டி நிற்கவேண்டும். ஓட்டத்தில் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் நகர்ந்தால் டியூபும் கூட நகரும். நட் தளர்வாக இருந்தால் வால்வு சாய்ந்து நின்று நமக்குச் சொல்லும், சரி செய்துகொள்ளலாம். ரிம்மில் இறுக்கியிருந்தால் வால்வு அப்படியே நிற்க, அதன் அடிவாரம் கிழிந்து ஓட்டத்திலேயே காற்று இறங்கிவிடும். அதுவரை நட் என்றால் இறுக்குவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இந்த வேலையில் பாதி, எதை இறுக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான்.

முன்சக்கரத்தில் சொல்ல அதிகம் இல்லை. அதே வேலை, செயின் தொல்லை கிடையாது.

செயினை அளப்பதற்கு அவர் வைத்திருப்பது தையல்காரர் டேப். இந்தச் செயினின் ஒரு கண்ணிக்கு அளவு இஞ்சில் எட்டில் ஐந்து. 20 கண்ணிக்குப் புதிய செயினில் பன்னிரண்டரை இஞ்சு வரும். அதற்கு மேல் கால் இஞ்சு நீண்டிருந்தால் செயினின் கதை முடிந்தது. டேப் இல்லாவிட்டாலும் வழி உண்டு: பின் பல்சக்கரத்தின் பின்பக்கத்தில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்கவேண்டும். பாதிப் பல் வெளியே தெரிந்தால் மாற்றவேண்டியதுதான். பல்லும் ஒரு பக்கமாக வளைந்து கூர்மையாகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றவேண்டும். வளைந்த பல் புதிய செயினைச் சீக்கிரமே பழையதாக்கிவிடும். என் செயின் நீண்டிருந்தது, பல் தப்பியது. நல்லவேளை, ஏனென்றால் புல்லட்டில் முன் பல்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை மாற்றுவதென்றால் இடது பக்க மூடியைத் திறந்து, ஆயிலை வடித்து, கிளட்சைக் கழற்றியாகவேண்டும்.

கோயம்புத்தூர் ரோலன் செயின் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அந்த ஒளிந்திருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றி அதை எப்படிக் கொண்டுபோவது என்று எனக்கு விளங்கவில்லை. பையன் சிரித்தான். பழைய செயினின் லாக்கைக் கழற்றி, அதன் கடைசிக் கண்ணியில் புதிய செயினின் முதல் கண்ணியைக் கோத்து, பழையதைப் பிடித்து இழுத்தான். பழையது வெளியே வர வர, புதியது அதே வழியில் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

இனிதான் ஆட்டம். புல்லட்டில் செயினை இழுப்பதற்கு, ஆக்ஸிலின் இரு முனையிலும் நத்தை ஓடு மாதிரி வெளிப்பக்கம் விரிந்துகொண்டே போகும் தகடு ஒன்று இருக்கும். விளிம்பில் வெட்டு வெட்டாகப் பள்ளம். அதைத் திருப்பினால் சக்கரம் பின்னால் போகும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்தில் நிறுத்தினால் சக்கரம் நேராக இருக்கும் என்பது புத்தகக் கணக்கு. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஒரு இஞ்சு ஆட்டம் இருக்கவேண்டும். ஆனால் எங்கே பார்த்து ஒரு இஞ்சு? சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் செயின் சில இடத்தில் தளர்ந்தும் சில இடத்தில் இறுகியும் வரும். இறுகின இடத்தில்தான் அளக்கவேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து டைட் வைத்தால் இறுகின இடம் கம்பியாக நிற்கும்.

அதோடு, காலி வண்டியில் அளந்தால் போதாது. பையனை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார் மாஸ்டர். ஆட்டம் குறைந்தது. முன் பல்சக்கரம் ஒரு இடத்தில் இருக்கிறது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீல் இன்னொரு இடத்தில் இருக்கிறது. பாரம் ஏறி ஃபோர்க் அமுங்கி இவை மூன்றும் நேர்கோட்டுக்கு வரும்போது இரண்டு பல்சக்கரத்துக்கும் இடைவெளி மிக அதிகம். செயின் மிக இறுக்கம். அந்த நேரத்திலும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சவேண்டும். மிஞ்சாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பாக்ஸ் பேரிங்கைச் செயின் பிடித்து இழுக்கும். தளர்ந்த செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகிய செயின் சத்தமில்லாமல் ஓடி, செலவு வைக்கும். சத்தம் வரக்கூடாது என்பதற்காக இறுக்கிவைத்து வாங்கும் ஆட்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வருகிறார்கள்.

புத்தகக் கணக்கை மாஸ்டர் நம்புவதில்லை. இத்தனை வருஷ வண்டியில் ஃபோர்க் எந்தப் பக்கம் விழுந்து எழுந்ததோ, தகடுகள் ஜோடி மாறியவையோ, யாருக்குத் தெரியும். கொத்தனார் நூல் ஒன்றை எடுத்து, பின் டயரின் பின்னால் ஒரு சுற்று போட்டு, இரு பக்கமும் முன் டயர் வரை தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இழுத்துப் பிடித்தோம். முன்னும் பின்னும் ஒரே அகல டயர் என்பதால் இந்த வண்டியில் பார்ப்பது சுலபம்: ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது நூல் பின் டயரின் இரண்டு ஓரத்தையும் முன் டயரின் இரண்டு ஓரத்தையும் தொடவேண்டும். வலது பக்கத்தில் முன் டயரின் பின்னோரத்துக்கும் நூலுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைகிற சந்து தெரிந்தது. வலது தகட்டை ஒரு பள்ளம் மாற்றியதும் நூல் படிந்தது. அதன் பிறகு தகட்டில் பெயிண்டால் குறி வைத்துவிட்டார். இனி இந்த வண்டிக்கு அந்தக் குறிதான் கணக்கு.

ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது சக்கரம் துளி நகர்ந்தாலும் செய்தது வீண். அதற்கும் ஒரு வழி: பல்சக்கரத்துக்கும் கீழ்ப்பக்கச் செயினுக்கும் நடுவில் மடித்த துணியை வைத்துச் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் துணி மாட்டிக்கொண்டு சக்கரத்தை முன்னால் இழுக்கும், இரு தகடும் தத்தம் முட்டுக்கட்டையில் போய் அழுந்தும். அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கிவிடவேண்டும். துணியை எடுத்துவிட்டு ஆட்டத்தைத் திரும்ப அளக்கவேண்டும். சக்கரம் பின்னால் போயிருப்பதால் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். அதைத் தளர்த்தாமல் எடுத்தால் ட்ரம் காய்ந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியால் செயின் துடைக்கிற பழக்கம் உள்ளவர்களை மாஸ்டர் கடைக்குள் விடுவதில்லை. சுற்றுவதெல்லாம் கையால்தான்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். அது போகும்வரை, ஒரு 150 கிலோமீட்டருக்காவது, வளைவில் வண்டியைச் சாய்க்காமல் ஓட்டுங்கள். புது செயின் முதலில் கொஞ்சம் நீளும். 300 கிலோமீட்டரில் மறுபடி ஆட்டம் பாருங்கள். இதையெல்லாம் நீங்களே செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெக்கானிக்கிடமிருந்து வண்டியை எடுக்கும்போது குனிந்து செயின் லாக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். மேல்பக்கச் செயினில் லாக் இருந்தால் மூடிய முனை முன்சக்கரத்தை நோக்கி இருக்கும். கீழ்ப்பக்கத்தில் இருந்தால் பின்னால் நோக்கி இருக்கும். பிளந்த முனை முந்தி நின்றால், வழியில் எதிலாவது தட்டி லாக் கழன்றுவிடும். அப்படி இருந்தால் வண்டியைத் தொடாமல், அங்கேயே திருப்பிப் போடச் சொல்லுங்கள்.